கரையில் இருந்தவள்

“அத்த, நீங்க இன்னும் சின்னப் பிள்ளையா?”

எப்சி இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. அன்று மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. தென்காசி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட அந்தச் சின்ன சபையில், பாயில் உட்கார்ந்திருந்த பெண்களின் வரிசையில் அப்பத்தட்டு கைமாறி வந்துகொண்டிருந்தது. ஜெபக்கனியின் இடப்பக்கம் அவளுடைய அம்மா இருந்தாள். அம்மா ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். பிறகு தட்டை மகளின் மடிக்கு மேலாக நீட்டி, அந்தப் பக்கம் இருந்தவளிடம் கொடுத்தாள்.

ஜெபக்கனியின் மடியில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள் எப்சிக்கும் அப்பம் கிடைக்கவில்லை. ஞானஸ்நானம் எடுக்காத சின்னப் பிள்ளைகளுக்குக் கிடையாது என்று அவளுக்கு வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். தனக்கு இல்லை என்பதில் அவளுக்கு வருத்தமில்லை. காதோரம் நரைக்கத் தொடங்கிய அத்தைக்கும் ஏன் இல்லை என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

“ஆமா” என்றாள் ஜெபக்கனி, குழந்தையின் காதில். “சின்னப் பிள்ளதான்.”

“பொறவு எப்பம் பெரிய பிள்ள ஆவீங்க?”

ஜெபக்கனி குழந்தையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து உட்காரவைத்தாள்.

ஜெபக்கனி தையல்காரி. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து சந்தில் ஒரு மெஷின் போட்டு, பிளவுஸும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறாள். சபையில் யார் ஞானஸ்நானம் எடுத்தாலும் அவர்களுக்கான வெள்ளை அங்கியை அவள்தான் தைப்பாள். அப்பத்தட்டை மூடும் வெள்ளைத் துணியின் ஓரத்தில் சிறு சிறு திராட்சைக் கொடி போட்டதும் அவள்தான். வேதத்தில் எந்த இடம் சொன்னாலும் சட்டென்று எடுத்துவிடுவாள். உபவாச ஜெபம் ஒன்றையும் விட்டதில்லை. ஆனால் அந்தச் சபையில் ஞானஸ்நானம் என்றால், தண்ணீருக்குள் தலை மறைய முங்கி எழுவது. அது ஒன்றுதான் அவளால் முடியவில்லை.

குளிக்கும்போதுகூட அவள் முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளமாட்டாள். துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்வாள். தலைக்குக் குளிக்கும் நாளில் அம்மா அவளைப் பின்னுக்குச் சாயச் சொல்லி, நெற்றியில் ஒரு கையை அணை மாதிரி வைத்துக்கொண்டு, மறு கையால் சிறு டம்ளரில் மொண்டு ஊற்றுவாள். ஆனி பிறந்து மலையிலிருந்து சாரல் இறங்கினால் ஊரே முகத்தை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். அவள் மட்டும் குடையை விரித்துவிடுவாள்.

சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு குற்றாலம் பெரிய அருவிக்குப் போயிருந்தாள். பெண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். மலை மேலே எங்கோ பெய்த மழை கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானது. சத்தம் மாறியது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். அம்மாவின் கை நழுவிற்று. ஜெபக்கனி கால்களுக்கு நடுவே விழுந்தாள். வாயிலும் மூக்கிலும் மண் தண்ணீர். மேலே இடி மாதிரி அந்தச் சத்தம். அப்போது யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். பிடித்த கையிலிருந்த கண்ணாடி வளையல் உடைந்து சிறுமியின் கையைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அது ஒரு முஸ்லிம் பெண்ணின் கை. அவள் சிறுமியைப் படியில் உட்காரவைத்து, உலர்ந்த தன்னுடைய வெள்ளைத் துப்பட்டியால் உச்சி முதல் கால்வரை சுற்றிவிட்டாள். அந்த நாளில் அந்தப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் வீட்டை விட்டு இறங்கினால் சேலைக்கு மேல் போர்த்திக்கொள்கிற துணி அது. அம்மா அழுதுகொண்டே ஓடிவந்து, பிள்ளையைத் துப்பட்டியோடு வாரி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் துணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது உறைத்தது. பெயர் தெரியாது. ஊர் தெரியாது. அம்மா அதைத் துவைத்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து வெயில் காட்டி, “என்னைக்காவது ஒரு நாள் அவ கண்ணுல படாமலா போவா” என்று சொல்லி மறுபடி மடித்து வைப்பாள்.

ஒரே ஒரு முறை ஜெபக்கனி ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஆற்றங்கரை வரைக்கும் போனாள். தண்ணீரின் சத்தம் கேட்டதும் மணலில் உட்கார்ந்துவிட்டாள். உலர்ந்த அங்கியோடு திரும்பி வந்தவளைப் பார்த்து, “இது பயத்தின் ஆவி, விரட்டணும்” என்று ஒருவர் எழுந்தார். பாஸ்டர் நம்பிராஜன் அவரை உட்காரச் சொன்னார்.

“பிள்ள பயந்திருக்கு. பயந்த பிள்ளைய யாராவது அதட்டுவாங்களா?”

அதன் பிறகு அவர் அவளிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அம்மாதான் மாதா மாதம் தட்டை அவள் மடிக்கு மேலே கடத்திக்கொண்டிருந்தாள். போன சித்திரையில் அம்மாவும் போய்விட்டாள். கடைசி நாட்களில், பேச முடியாதபோது, ஜெபக்கனியின் நெற்றியில் கையை அணை மாதிரி வைத்தபடி படுத்திருந்தாள்.

அந்த ஆடியில் சபைப் பெண்கள் குற்றாலம் போனார்கள். ஜெபக்கனியும் போனாள். எந்தக் கூட்டத்தோடு போனாலும் அவளுக்கு ஒரு வேலை உண்டு. குளிக்கிறவர்களின் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பது. கல் பெஞ்சில், எல்லாருடைய உலர்ந்த துணிகளுக்கும் நடுவில், அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். இத்தனை வருஷத்தில் குற்றாலத்துக்கு வந்து குற்றாலத்தைப் பார்க்காமல் போனவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

“ஏக்கா, ஒங்க பைக்குள்ள ஒருத்தன் கைய விடுதான், பேசாம இருக்கீங்க?”

திரும்பிப் பார்த்தாள். குரங்கு ஒன்று நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் தாவி ஏறிற்று.

“போச்சு” என்றாள் பக்கத்தில் இருந்த பெண். கறுப்பு புர்கா, மடி நிறையப் பைகள், காலடியில் குவியலாகச் செருப்பு. “உப்புக் கூடிப்போச்சுன்னு திருப்பிக் கொண்டாந்து தரப்போறானாக்கும். விடுங்க.”

அவள் பெயர் நூர்நிஷா. ஊர் அச்சன்புதூர். வயது ஜெபக்கனியை ஒட்டித்தான் இருக்கும்.

“என்னக் கெட்டுன மாப்பிள்ள துபாய்ல. நாத்தனாமாரு எல்லாம் உள்ள ஆட்டம் போடுதாளுவ. எனக்கு ரெண்டு மாசம் முந்தி கர்ப்பப்பைய எடுத்தாச்சு. நனையவே கூடாதுன்னுட்டாவ டாக்டரம்மா. போன வருசமெல்லாம் அருவிக்கு அடியில போயி நின்னேன்னா எங்க மாமியாரு வந்து இழுத்தாத்தான் வெளிய வருவேன். இப்பம் பாருங்க, செருப்புக்குக் காவலு.”

“நானும் காவலுதான்.”

“ஒங்களுக்கும் ஆபரேசனா?”

“இல்ல. பயம்.”

“எதுக்கு, தண்ணிக்கா?” நூர்நிஷா சிரித்துவிட்டாள். பிறகு ஜெபக்கனியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். “கோவிச்சுக்கிடாதீங்கக்கா. என்ன ஆச்சு?”

முன்பின் தெரியாதவளிடம் சில விஷயங்கள் எளிதாக வந்துவிடுகின்றன. ஜெபக்கனி சொன்னாள். செந்தண்ணீர், அம்மாவின் கை, வளையல், துப்பட்டி. கையை நீட்டித் தழும்பைக் காட்டினாள். நூர்நிஷா அதை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

“அப்பம் அந்தப் பொம்பள எப்படி வீட்டுக்குப் போனா?”

“என்னது?”

“இல்ல, துப்பட்டிய ஒங்களுக்குப் போத்திவிட்டுட்டா. ஒங்க அம்மாவும் அதோட தூக்கிட்டுப் போயிட்டாவ. அவ ஈரச் சேலையோட, மேல ஒண்ணும் இல்லாமல்லா பஸ் ஏறியிருக்கணும். எங்க உம்மாவுக்கெல்லாம் துப்பட்டி இல்லாம வாசப்படி தாண்டத் தெரியாது. தெருவே பாத்திருக்கும். வீட்டுக்குப் போனா, ‘துப்பட்டி எங்கட்டி’ன்னு மாமியாக்காரி நிக்க வச்சுக் கேட்டிருப்பா.” நூர்நிஷா உதட்டைப் பிதுக்கினாள். “சொவரோரமா ஒதுங்கி ஒதுங்கித்தான் போயிருப்பா, பாவம்.”

அந்த நாளை ஜெபக்கனி எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். நினைத்ததெல்லாம் தண்ணீரைத்தான். அந்தப் பெண் எப்படி வீட்டுக்குப் போனாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவளுக்காக ஒரு வார்த்தை ஜெபித்ததும் இல்லை.

“போங்கக்கா” என்றாள் நூர்நிஷா. “போயி காலையாவது நனைச்சுட்டு வாங்க. எனக்குத்தான் குடுப்பினை இல்ல, ஒங்களுக்கு என்ன? பைய நான் பாத்துக்கிடுதேன். எங்கிட்ட எந்தக் கொரங்கும் வராது.”

ஜெபக்கனி எழுந்தாள். அவளுடைய பையை வேறொருவர் பார்த்துக்கொண்டது அதுவே முதல் தடவை. சாரல் தெறிக்கிற படி வரைக்கும் போனாள். காலுக்கடியில் தண்ணீர் ஓடிற்று. முகத்தில் துளிகள் விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் ஓர் அடியும் வைக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

“நனைஞ்சிருக்கே” என்றாள் நூர்நிஷா, அவள் நெற்றியைப் பார்த்து. அந்தக் குரலில் சந்தோஷமும் இருந்தது, ஏக்கமும் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜெபக்கனி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். துப்பட்டியைத் தரையில் விரித்து, தையல்காரியின் கண்ணோடு முதல் முறையாகப் பார்த்தாள். மெல்லிய பருத்தி. ஒரு மூலையில் கிழிசலைக் கையால் நெய்த மாதிரி இழையோட்டித் தைத்திருந்தது. மாற்றுத் துணி வைத்திருக்கிறவள் இவ்வளவு பொறுமையாகத் தைக்கமாட்டாள். அவளிடம் இது ஒன்றுதான் இருந்திருக்கும்.

மண்டியிட்டாள். பெயர் தெரியாததால், “அந்தக் கை” என்று சொல்லி ஜெபித்தாள். அந்தக் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அது இப்போது இந்த உலகத்தில் இல்லையென்றாலும், எங்கே இருக்கிறதோ அங்கே ஆறுதலாக இருக்கட்டும். ஜெபித்துக்கொண்டே இருந்தபோது, கடலில் அமிழப்போன சீஷனை ஆண்டவர் கை நீட்டிப் பிடித்த கதை நினைவுக்கு வந்தது. ஞாயிறு பள்ளியில் எத்தனை முறை கேட்ட கதை. அதிலும் அவள் காதில் விழுந்தது எப்போதும் அலைதான். கையை அவள் கவனித்ததே இல்லை. ஆண்டவர் தன்னிடம் வரவில்லை, மற்றவர்களுக்குக் கொடுத்த தைரியத்தைத் தனக்குத் தரவில்லை என்று எத்தனை நாள் உள்ளுக்குள் குறைபட்டிருக்கிறாள். அவர் அன்றைக்கே வந்திருந்தார். கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தன் மானத்தை மூடியிருந்ததை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டு, வெறுமையாக வீட்டுக்குப் போயிருந்தார்.

அடுத்த வாரம் அவள் தனக்கென்று மறுபடி ஒரு வெள்ளை அங்கி வெட்டினாள்.

“ஆத்துல வேண்டாம் பாஸ்டர். அந்தச் சத்தம் மட்டும் இன்னும் முடியல” என்றாள்.

“சத்தம் இல்லாத தண்ணி பாப்போம்” என்றார் பாஸ்டர்.

இலஞ்சியில் நல்லகண்ணு அண்ணாச்சியின் தென்னந்தோப்பில் பம்புசெட்டுத் தொட்டி ஒன்று உண்டு. நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர் அவர். சபையார் கேட்கும்போதெல்லாம் தொட்டியைக் கொடுப்பார். அன்று காலை அவர்கள் போனபோது தொட்டி விளிம்புவரை நிறைந்து, ஓர் அசைவும் இல்லாமல் இருந்தது. தென்னை ஓலை அதில் அப்படியே தெரிந்தது.

“மோட்டார் போடலையா அண்ணாச்சி?” என்று கேட்டார் பாஸ்டர்.

“விடியுமுன்ன போட்டு ரொப்பிட்டு நிப்பாட்டிட்டேன். தண்ணி விழுற சத்தம் அந்தப் பிள்ளைக்கு ஆகாதுன்னியள்ளா.” சொல்லிவிட்டு, யாரும் நன்றி சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவர் போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்புப் பக்கம் நடந்துவிட்டார்.

சிறிய கூட்டம்தான். அண்ணன் குடும்பம், பாஸ்டரம்மா, இன்னும் சிலர். பாட்டை அவர்கள் மெதுவாகத்தான் பாடினார்கள். தொட்டிக்குள் இறங்கும் படியில் ஜெபக்கனி நின்றுவிட்டாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.

“பாஸ்டர், எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தாம்மா. ஐஸ் மாதிரில்லா இருக்கு” என்றார் உள்ளே நின்றிருந்த பாஸ்டர். பல் தந்தியடித்தது. கரையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

“நான் எதப் பிடிச்சுக்கிடட்டும்? தோளையா?” என்றார் பாஸ்டர்.

“கைய” என்றாள். தழும்பு இருந்த மணிக்கட்டை நீட்டினாள். “இங்கன பிடிங்க.”

அவர் பிடித்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னார். தண்ணீர் அவள் முகத்தின் மேல் மூடிற்று.

பயம் போய்விடவில்லை. அதுவும் அவளோடேதான் முங்கிற்று. மூச்சு நின்ற அந்தக் கணத்தில் பழைய செந்தண்ணீர் ஒரு தடவை வாய்வரை வந்தது. ஆனால் மணிக்கட்டில் ஒரு பிடி இருந்தது. அவள் இந்த முறை தண்ணீரை நினைக்காமல் பிடியை நினைத்தாள். பிறகு வெளிச்சம். ஓலைகள். எப்சி கை தட்டுகிற சத்தம்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. அப்பத்தட்டு வரிசையில் வந்தது. அம்மா உட்காருகிற இடத்தில் இப்போது வேறோர் அக்கா இருந்தாள். அவள் தன் துண்டை எடுத்துக்கொண்டு, வழக்கம் போலவே தட்டை ஜெபக்கனியின் மடிக்கு மேலாகக் கடத்தி அந்தப் பக்கம் நீட்டிவிட்டாள். அந்தப் பக்கத்துக்காரி வாங்கவில்லை. கண்ணால் காட்டினாள். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எம்மாடி, பழக்கதோசம். மன்னிச்சுக்கிடு” என்று கிசுகிசுத்துத் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.

தட்டு ஜெபக்கனியின் முன்னால் நின்றது. ஒதுக்கிவிட்ட மூடுதுணியில் அவள் தைத்த திராட்சைக் கொடி தட்டின் ஓரத்தில் தெரிந்தது. ஒரு துண்டு எடுத்தாள். உப்பில்லாத அப்பம். அதன் ருசி எப்படியிருக்கும் என்று எத்தனை வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். அம்மாவின் கையிலிருந்து வாங்கியிருக்கலாம் என்று தோன்றிற்று. சிலவற்றை ஆண்டவர் தருகிறார், சிலவற்றைத் தம்மிடத்திலேயே வைத்துக்கொள்கிறார். அவள் மெதுவாக மென்றாள். அண்ணி மடியிலிருந்து எப்சி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு ஜெபக்கனி தனியாகக் குற்றாலம் போனாள். சீசன் முடிந்திருந்தது. அருவி பாதியாக இளைத்திருந்தது. மஞ்சள் பையில் அந்தத் துப்பட்டியை மட்டும் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தாள். கொஞ்சம் நனைந்துவிட்டால் அதைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்பது அவள் கணக்கு. அன்று சிறுமியாக அவள் வீட்டுக்குப் போனது போலவே.

பையைக் கல் பெஞ்சில் வைத்தாள். காவலுக்கு யாரும் இல்லை. குரங்குக்குத் துப்பட்டி எதற்கு என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள். நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடவே உள்ளே போனாள். தண்ணீர் தோளில் விழுந்தது, பிறகு தலையில் விழுந்தது. சத்தம் காதை நிறைத்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுங்கினாள். ஆனாலும் நின்றாள்.

வெளியே வந்து, தலையிலிருந்து சொட்டச் சொட்ட, துப்பட்டியை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைப் பக்கம் போனாள். ஒரே ஒரு கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் குளிரில் ஒரு குழந்தையின் பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டது.

“ஏட்டி மாஜிதா, துண்டக் கொண்டாட்டின்னு எம்புட்டு நேரமாக் கத்துதேன், எங்கட்டி போன?” என்றது ஒரு பெண் குரல். “இங்கன இருந்த துணியெல்லாம் தண்ணிக்குள்ள விழுந்துட்டு. பிள்ள வெறச்சுப்போயிட்டு.”

ஜெபக்கனி திரும்பிப் பார்த்தாள். அங்கே எந்த மாஜிதாவும் இல்லை. கையிலிருந்த துணியைப் பார்த்தாள். மூலையில் இழையோட்டியிருந்த தையலை விரலால் ஒரு தடவை தொட்டாள். பிறகு துப்பட்டியைக் கதவுக்கு மேலாக நீட்டினாள்.

உள்ளிருந்து ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. கை துணியை வாங்கிக்கொண்டு மறைந்தது.

“இப்பம்தான் காது கேட்டுதாக்கும்” என்றது குரல். “வா தங்கம், வா, இந்தா சூடா இருக்கு பாரு.”

ஜெபக்கனி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் படியிறங்கினாள். ஈரச் சேலை காலைச் சுற்றிற்று. கடைத்தெருவில் எண்ணெய் விற்கிறவர்களும் சிப்ஸ் வறுக்கிறவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள்.

தென்காசி பஸ்ஸில் இடம் இருந்தது. “சீட்டெல்லாம் நனைஞ்சிரும்க்கா, நின்னுக்கிடுங்க” என்றார் கண்டக்டர்.

“நின்னுக்கிடுதேன்” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.